மதுரையில் ஒரு வார இறுதி: அறையையும் உணவகங்களையும் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

மதுரைக்கு இரண்டு நாள் பயணம் போகிறவர்களில் பலர் முதலில் ஏதாவது ஓர் அறையைப் பதிவு செய்துவிடுகிறார்கள். சாப்பாட்டை ஊரில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். என்னிடம் யார் கேட்டாலும் இந்த வரிசையை மாற்றச் சொல்வேன். எந்த வேளைக்கு எந்தப் பக்கம் சாப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அறை அதற்கு ஏற்ற இடத்தில் அமையட்டும்.

காரணம் இந்த ஊரின் நேரக் கணக்கு. மீனாட்சி அம்மன் கோயில் விடியற்காலை ஐந்து மணிவாக்கில் திறந்து, பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தும். மறுபடி திறப்பது மாலை நான்கு மணிக்கு. இடையில் இருக்கும் மூன்றரை மணி நேரம் வெயில் உச்சியில் நிற்கிற நேரம். அப்போது நல்ல சாப்பாடு ஒன்றும், மின்விசிறிக்குக் கீழே ஒரு குட்டித் தூக்கமும் கிடைத்துவிட்டால், இரவு பத்து மணிவரை உற்சாகமாக நடக்கலாம். கிடைக்காவிட்டால் மாலை ஐந்து மணிக்கே குழந்தைகள் சிணுங்குவார்கள், பெரியவர்கள் உட்கார இடம் தேடுவார்கள். அறை இரவுக்கு மட்டும்தானே என்று நினைப்பவர்கள் இந்த மதியத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் படி: தேதியைப் பாருங்கள்

ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். அன்று முகூர்த்த நாளா? மதுரையில் கல்யாண மண்டபங்களைச் சுற்றியுள்ள ஹோட்டல்களில் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று மாடி மாடியாக அறைகளை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் சனிக்கிழமை அறை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும், இரவு நடைவழியில் ஆள் நடமாட்டம் ஓயாது.

சித்திரைத் திருவிழா நாட்களில், அதுவும் திருக்கல்யாணம், தேரோட்டம், கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் சித்ரா பௌர்ணமி ஆகியவற்றை ஒட்டி, இந்த வழிகாட்டியில் சொல்வது எதுவும் செல்லாது. அப்போது பல வாரங்களுக்கு முன்பே அறையைப் பிடித்துவிட வேண்டும். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களும் அப்படித்தான். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வருவதால் கோயிலைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள் நிரம்பியே இருக்கும். நிதானமாகச் சாப்பிட்டு, நிதானமாக ஊர் பார்க்க வேண்டும் என்றால் ஆடி மாதத்தின் சாதாரண சனி, ஞாயிறு நல்லது. கல்யாணங்கள் இருக்காது. புரட்டாசியில் அசைவ மெஸ்களில் கூட்டம் குறைவு. ஆனால் நீங்களும் புரட்டாசி விரதக்காரர் என்றால் அதனால் பயனில்லை.

இரண்டாம் படி: வைகைக்குத் தெற்கா, வடக்கா?

மதுரையில் அறை தேடும்போது நட்சத்திரக் கணக்கைவிட இந்தக் கேள்விக்குத்தான் முதலிடம்.

தெற்கே பழைய நகரம். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அதற்கு வெளியே ஆவணி மூல வீதிகள், பிறகு மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள் என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊர் விரிகிறது. ரயில் நிலையம் மேலவெளி வீதியில் இருக்கிறது. அதன் எதிரே புறப்படும் டவுன்ஹால் ரோடு நேராகக் கிழக்கே போய் மேற்குக் கோபுரத்துப் பக்கம் சேரும். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை. இந்த டவுன்ஹால் ரோட்டிலும் அதை வெட்டிச் செல்லும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும்தான் லாட்ஜ்களும் நடுத்தர ஹோட்டல்களும் நெருக்கமாக இருக்கின்றன. காலேஜ் ஹவுஸ் போன்ற பழைய பெயர்களும் இங்கேதான். காலை டிபன், கோயில், திருமலை நாயக்கர் மகால், விளக்குத்தூண் ஜிகர்தண்டா, இரவுக் கடைகள் எல்லாமே நடக்கும் தூரத்தில்.

வடக்கே தல்லாகுளம், சொக்கிகுளம், அழகர்கோவில் சாலை, ரேஸ்கோர்ஸ் சாலை. சாலைகள் அகலம், மரநிழல் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டலும் தனியார் நட்சத்திர ஹோட்டல்களும் இந்தப் பக்கம் இருக்கின்றன. பெயர் பெற்ற அசைவ மெஸ்கள் பலவும் தல்லாகுளத்தில்தான். காந்தி நினைவு அருங்காட்சியகமும், 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இதே கரையில். ஆனால் கோயிலுக்குப் போக ஒவ்வொரு முறையும் ஆற்றைக் கடக்க வேண்டும். 1889-இல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலமும், அதன் வடக்கு முனையில் இருக்கும் கோரிப்பாளையம் சந்திப்பும் மாலை நேரத்தில் எப்படி இருக்கும் என்பதை எந்த மதுரைக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்.

என் தீர்ப்பு இது. ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து, கோயிலை இரண்டு முறையாவது பார்க்க நினைப்பவர்கள் தெற்கே, வெளி வீதிக்கும் மாசி வீதிக்கும் இடையில் தங்குங்கள். சொந்தக் காரில் குடும்பத்தோடு வருபவர்கள் வடக்கே தங்கிவிட்டு, காரை அங்கேயே நிறுத்தி, ஆட்டோவில் கோயிலுக்குப் போய் வாருங்கள். பழைய நகரத்தின் வீதிகளில் காரை நுழைத்து நிறுத்த இடம் தேடினால் பாதிக் காலை போய்விடும். சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதியே இல்லை.

ஊருக்கு வெளியே இரண்டு இடங்கள் தனி ரகம். பசுமலைக் குன்றின் மேல் இருக்கும் கேட்வே ஹோட்டல் ஒன்று. கோச்சடையில் இருக்கும் ஹெரிடேஜ் மதுரை மற்றொன்று. இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் மதுரை கிளப்புக்காக வடிவமைத்த கட்டடங்கள் அங்கே இருக்கின்றன. இரண்டும் அருமையான இடங்கள். ஆனால் அங்கே தங்குபவர் அந்த வளாகத்தை அனுபவிப்பதற்காகவே தங்க வேண்டும். கோயிலுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு, காலையில் இட்லிக்கும் இரவில் கறி தோசைக்கும் ஊருக்குள் ஓடி வருவது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

மூன்றாம் படி: எத்தனை மணிக்குக் கணக்கு தொடங்குகிறது?

தமிழ்நாட்டு லாட்ஜ்களில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, நண்பகல் பன்னிரண்டு மணிக் கணக்கு: எப்போது வந்தாலும் மறுநாள் பன்னிரண்டுக்குக் காலி செய்ய வேண்டும். மற்றொன்று, இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு: நீங்கள் சாவி வாங்கிய நேரத்திலிருந்து ஒரு முழு நாள். வார இறுதிப் பயணத்தில் இந்த வேறுபாடு ஒரு நாள் வாடகைக்குச் சமம்.

சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் வைகை எக்ஸ்பிரஸில் கிளம்பினால் இரவு ஒன்பது மணிக்கு மேல் மதுரை. ஒன்பதரைக்கு அறைக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபத்து நான்கு மணிக் கணக்கில் இரண்டு நாள் வாடகை கொடுத்தால் ஞாயிறு இரவு ஒன்பதரை வரை அறை உங்களுடையது. குளித்துவிட்டு நேராகப் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குப் போகலாம். அதே இரண்டு நாள் வாடகையைப் பன்னிரண்டு மணிக் கணக்கில் கொடுத்தால் ஞாயிறு நண்பகலிலேயே பெட்டியோடு தெருவுக்கு வந்துவிடுவீர்கள். முன்பு சொன்ன அந்த மதிய நேரம், அதுவும் சாப்பிட்ட களைப்போடு, அறை இல்லாமல் கழியும்.

வெள்ளி இரவு பாண்டியனில் ஏறிச் சனிக்கிழமை விடியலில் வந்து இறங்குபவருக்கு வேறு சிக்கல். பன்னிரண்டு மணிக் கணக்கு ஹோட்டலில் காலை ஆறு மணிக்கு அறை கேட்டால், முந்தைய நாளுக்கும் சேர்த்து வாடகை கேட்கலாம், அல்லது அரை நாள் கட்டணம் கேட்கலாம். பதிவு செய்யும்போதே அந்தத் தொகையைப் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும். தேஜஸ் ரயிலில் சனிக்கிழமை நண்பகலில் வந்து சேர்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இணையத்தில் முன்பதிவு செய்யும் தளங்கள் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக் கணக்கையே காட்டும். இருபத்து நான்கு மணிக் கணக்கு உள்ள லாட்ஜிலும், தளம் வழியாகப் பதிவு செய்தால் அந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம். ஆகவே தளத்தில் விலையைப் பாருங்கள், பிறகு லாட்ஜுக்கே போன் செய்யுங்கள்.

நான்காம் படி: ஒரு போன், ஆறு கேள்விகள்

ஐந்து நிமிடப் பேச்சில், நூறு விமர்சனங்களைப் படித்தாலும் தெரியாத விஷயங்கள் வெளியே வந்துவிடும். வரவேற்பில் இருப்பவரிடம் மரியாதையாக, அவசரமில்லாமல் கேளுங்கள்.

“அண்ணே, வெந்நீர் எத்தனை மணிவரை வரும்?” பல லாட்ஜ்களில் காலை ஒன்பதுக்கு மேல் வெந்நீர் கிடையாது. அறைக்குள்ளேயே கீசர் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

“தெருப் பக்க அறையா, உள்பக்க அறையா?” மேலவெளி வீதியை ஒட்டிய அறைகளில் பஸ் ஹாரன் ஓயாது. உள்பக்க அறையில் சத்தம் குறைவு, ஆனால் சில அறைகளில் ஜன்னல் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர்தான். எனக்குத் தூக்கம் முக்கியம் என்பதால் சுவரைத் தேர்ந்தெடுப்பேன்.

“லிப்ட் ஓடுகிறதா?” இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். வயதானவர்களோடு வருபவர்கள் முதல் மாடி அறையைக் கேட்டு வாங்குவது இன்னும் பாதுகாப்பு.

“மின்சாரம் போனால் ஏ.சி. ஓடுமா, மின்விசிறி மட்டுமா?” மே மாதத்தில் மதுரைக்குப் போகிறவர் இதைக் கேட்காமல் இருக்கக் கூடாது.

“வெளியிலிருந்து அசைவம் வாங்கி வந்து அறையில் சாப்பிடலாமா?” கோயிலுக்கு அருகில் இருக்கும் சில இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். இது அவர்கள் உரிமை. நாம் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நம் கடமை.

“நான் தனியாக வருகிறேன், அறை உண்டா?” சில லாட்ஜ்களில் தனி ஆளுக்கு அறை கொடுக்கத் தயங்குவார்கள். இரவு பத்து மணிக்கு மேசை முன்னால் நின்று வாதாடுவதைவிட முந்தைய வாரமே தெரிந்துகொள்வது மேல். தனியாக வரும் பெண்கள், இரவில் வரவேற்பில் ஆள் இருப்பாரா, நுழைவாசல் எந்த வீதியைப் பார்த்து இருக்கிறது என்பதையும் கேளுங்கள். சந்துக்குள் வாசல் வைத்த லாட்ஜ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

தங்கும் பெரியவர்கள் அனைவரின் அசல் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். ஒருவருடையது மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள்.

விமர்சனங்களைப் படிப்பதானால், புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, தங்கியவர்கள் எடுத்த குளியலறைப் படங்களை மட்டும் பாருங்கள். ஹோட்டல் தானே போட்ட படங்களில் எல்லாக் குளியலறையும் பளிச்சென்றுதான் இருக்கும். “கொசு”, “வாடை”, “தண்ணீர் வரவில்லை” என்ற சொற்கள் அண்மையில் எழுதிய பலரிடம் திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். “வரவேற்பாளர் சிரிக்கவில்லை” என்பது போன்ற புகார்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: உண்மையான விலையைக் கணக்கிடுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். இந்த எல்லைக்கோடு முக்கியமானது. 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறைக்கு வரியோடு 8,968 ஆகும். இருநூறு ரூபாய் வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறாகிவிடுகிறது. வார இறுதியில் விலை ஏறும் ஹோட்டல்களில், வெள்ளிக்கு எல்லைக்குள் இருக்கும் அறை சனிக்கு எல்லையைத் தாண்டிவிடும். இரண்டு நாட்களையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அடுத்தது ஆட்டோ. எடுத்துக்காட்டாக, டவுன்ஹால் ரோட்டில் 2,500, வடகரையில் 2,200 என்று இரண்டு அறைகள் இருந்தால், வரியோடு வித்தியாசம் 315 ரூபாய்தான். வடகரையிலிருந்து கோயிலுக்கு ஒரு நாளில் இரண்டு முறை போய்வந்தால் நான்கு சவாரி. மலிவான அறை எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

காலைச் சிற்றுண்டி சேர்ந்த வாடகையை மதுரையில் வாங்கவே வாங்காதீர்கள். வெளியே தெருவில் ஆவி பறக்கும் இட்லி இருக்கும்போது, மூடிபோட்ட பாத்திரத்தில் ஆறிக்கொண்டிருக்கும் இட்லிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? சிற்றுண்டி இல்லாத விலையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: வேளைக்கு ஒரு இடம்

உணவகப் பட்டியல் தயாரிக்கும்போது கடைப் பெயர்களை எழுதாமல் வேளைகளை எழுதுங்கள். வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு இரவுவரை பெரிய வேளைகள் ஏழு. நடுவே காபி, பருத்திப்பால், ஜிகர்தண்டா. இதற்கு மேல் வயிறு தாங்காது. பதினைந்து கடைகளைக் குறித்துக்கொண்டு போகிறவர்கள் எதையும் ருசித்துச் சாப்பிடுவதில்லை.

காலை டிபனுக்குப் பழைய நகரம். மதுரையில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் போன முருகன் இட்லி கடையின் பெயர் எல்லோருக்கும் தெரியும். மெத்தென்ற இட்லியும் இலையில் வரிசையாக விழும் சட்னிகளும் அதன் அடையாளம். ஆனால் மாசி வீதிகளில் பெயர்ப்பலகை மங்கிப்போன சிறு கடைகளிலும் இட்லி அதே மென்மையோடு வருகிறது. ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் போங்கள். பத்து மணிக்குமேல் பொங்கல் தீர்ந்திருக்கும், சாம்பார் நீர்த்திருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். தல்லாகுளத்தில் அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று நெடுநாள் பெயர் பெற்றவை இருக்கின்றன. இங்கே சாப்பிடும் முறை தெரிந்துகொண்டு போவது நல்லது. இலை போட்டதும் பரிமாறுபவர் ஒரு பெரிய தட்டை ஏந்தி வருவார். மட்டன் சுக்கா, ஈரல், மூளை, கோலா உருண்டை, நண்டு, வறுத்த மீன் என்று சிறு கிண்ணங்கள் அதில் வரிசையாக இருக்கும். பசியோடு பார்க்கும்போது எல்லாவற்றையும் எடுத்துவிடத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. சாப்பாட்டின் விலையில் அவை சேராது. “இது எவ்வளவு?” என்று கைகாட்டிக் கேட்டுவிட்டு எடுப்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். இருவருக்கு இரண்டு வகைகள் தாராளம். அயிரை மீன் குழம்பு இருந்தால் அதில் ஒன்று அதுவாக இருக்கட்டும். விரல் நீளம்கூட இல்லாத அந்த மீனைப் பாலில் விட்டுச் சுத்தம் செய்து, முழுசாக அப்படியே புளிக்குழம்பில் வேகவைப்பார்கள். விலை அதிகம்தான், ஆனால் வெளியூரில் கிடைக்காத ருசி. குழம்புகளை மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். கறிக்குழம்பு, மீன் குழம்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, ரசத்துக்கும் மோருக்கும் சோறு மிச்சம் வையுங்கள்.

பன்னிரண்டரைக்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஒன்றரைக்குப் போனால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் முதுகுக்குப் பின்னால் நின்று காத்திருக்க வேண்டும். மூளையும் அயிரையும் தீர்ந்திருக்கும். ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்கள் வரும் வேளை. வெளியூர்க்காரர்களுக்குச் சனிக்கிழமை மதியம் மேல்.

மாலை நான்கு மணிக்கு மேல் தெருவோரம் உயிர் பெறும். கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கு மணக்கும் பருத்திப்பாலைத் தள்ளுவண்டிகளில் தருவார்கள். சௌராஷ்டிர மக்கள் வாழும் பகுதிகளில் முள்முருங்கை இலையை அரைத்துச் சேர்த்த பச்சை வடையைப் பார்த்தால் நின்று வாங்குங்கள். திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டு விளக்குத்தூண் பக்கம் நடந்தால் ஜிகர்தண்டா. பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். கீழமாரட் வீதியில் 1977 முதல் இருக்கும் கடைதான் பெயர் பெற்றது. ஏறக்குறைய அதே பெயரில் ஊரெங்கும் கடைகள் இருப்பதால், விளக்குத்தூண் எங்கே என்று கேட்டுப் போவதே சரி. சிறிய டம்ளர் போதும். இரவுக்கு வயிற்றில் இடம் வேண்டும்.

இரவுக்குச் சிம்மக்கல் கோனார் கடை. கறி தோசையைச் சாப்பிடுவதற்கு முன் அது உருவாவதைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் கனமான தோசை. அது பாதி வெந்ததும் அதன்மேல் அடித்த முட்டையை ஊற்றிப் பரப்புகிறார். முட்டை இறுகுவதற்குள், ஏற்கெனவே மசாலாவில் வதங்கிய பொடிக் கறியை மேலே கொட்டி, கரண்டியின் அடிப்பக்கத்தால் ஓரம்வரை அழுத்துகிறார். ஓரத்தைச் சுற்றி எண்ணெய் விட்டு, சட்டென்று திருப்பிப் போடும்போது கறி கல்லில் பட்டு எழும் மணம் வாசல்வரை போகிறது. ஒருவர் முழுதாக ஒன்றைச் சாப்பிட்டால் வேறு எதுவும் தேவைப்படாது. இருவராக இருந்தால் ஒரு கறி தோசையைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கு ஒரு பரோட்டாவும் சால்னாவும் சொல்லுங்கள்.

சைவர்களுக்கு இரவில் கவலை வேண்டாம். டவுன்ஹால் ரோட்டிலும் மேலமாசி வீதியிலும் சைவ உணவகங்கள் தாராளமாக இருக்கின்றன. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் மொட்டைமாடி உணவகம் வைத்திருக்கும் ஹோட்டலில் உட்கார்ந்தால் விளக்கொளியில் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே தோசை சாப்பிடலாம். ஹலால் உணவு தேடுபவர்கள் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் காஜிமார் தெருப் பக்கம் விசாரியுங்கள்.

ஏழாம் படி: பெயர் தெரியாத கடையை எடைபோடுவது

பட்டியலில் இருக்கும் கடை பூட்டியிருக்கும். அல்லது வரிசை தெருவரை நிற்கும். அப்போது பக்கத்துக் கடையை நம்பலாமா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். நான் பார்ப்பது கூட்டத்தை அல்ல, கூட்டத்தின் வகையை. துணிக்கடை ஊழியர்கள், பூ விற்பவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் சாப்பிடும் கடையில் விலையும் ருசியும் ஒழுங்காகத்தான் இருக்கும். நாளை மறுபடி வர வேண்டியவர்கள் அவர்கள். பெட்டியும் கேமராவுமாக இருப்பவர்கள் மட்டுமே நிறைந்த கடை எனக்குச் சந்தேகத்தைத் தரும்.

அடுத்தது கல்லும் எண்ணெயும். வடை பொரியும் எண்ணெய் கறுத்து நுரைத்தால் திரும்பிவிடுங்கள். கை கழுவும் இடம் கடையின் மனசாட்சியைக் காட்டிவிடும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதினான்கு இலக்க உரிம எண் சுவரில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். பத்துப் பதினைந்து வகைகளோடு நிறுத்திக்கொள்ளும் சிறு கடை, நூறு வகை எழுதி வைத்திருக்கும் கடையைவிட நம்பத்தக்கது.

ஏ.சி. பகுதியில் உட்கார்ந்தால் அதே தோசைக்கு விலை கூடுதலாக இருக்கலாம். உட்காரும் முன் கேளுங்கள். பில்லில் சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அது கட்டாயமல்ல; நீக்கச் சொல்லலாம்.

எட்டாம் படி: எல்லாவற்றையும் ஒன்று சேர்ப்பது

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அசைவம் சாப்பிட்ட நாளில் கோயிலுக்குப் போகாத குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் சனி காலையில் கோயில், மதியம் மெஸ், இரவு கறி தோசை, ஞாயிறு காலையில் குளித்துவிட்டு மறுபடி கோயில் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரவு நடை சாத்தும் முன் நடக்கும் பள்ளியறை பூஜையைப் பார்க்க விரும்பினால் இந்த வரிசை ஒத்துவராது. சுந்தரேசுவரரைப் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளச் செய்யும் அந்த நிகழ்ச்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்காகச் சனிக்கிழமை முழுவதையும் சைவமாக வைத்து, மெஸ்ஸை ஞாயிறு மதியத்துக்கு மாற்றுங்கள். கூட்டத்தைத் தவிர்க்கப் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள்.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் ஒப்படைக்கும் இடங்கள் உண்டு. வரிசையில் நிற்க வேண்டும். அறை நடக்கும் தூரத்தில் இருந்தால் போனையும் செருப்பையும் அறையிலேயே விட்டுவிட்டு விடியலில் வெறுங்காலோடு போய்விடலாம். அரைக்கால் சட்டை அணிந்து வந்தால் அனுமதி கிடையாது என்பதைக் குழுவில் உள்ள இளைஞர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

திருமலை நாயக்கர் மகாலை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். 1636-இல் எழுந்த அந்தத் தூண்களின் மேல் சாய்வான வெளிச்சம் விழும்போது பார்க்க வேண்டும். ஒலி-ஒளிக் காட்சி அன்று உண்டா என்று நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். காந்தி அருங்காட்சியகத்தைத் தல்லாகுளம் மெஸ்ஸோடு சேர்த்து ஒரே ஆற்றுப் பயணத்தில் முடித்துவிடலாம். இரண்டும் ஒரே கரை. அங்கே போகிறவர்கள், காந்தி 1921 செப்டம்பரில் அரையாடைக்கு மாறிய மேலமாசி வீதி வீட்டையும் பார்த்துவிடுங்கள். இப்போது அங்கே கதர்க் கடை இருக்கிறது, உங்கள் காலை டிபன் கடையிலிருந்து சில நிமிட நடை.

பஸ்ஸில் திரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சென்னை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கம் போகும் பஸ்கள் மாட்டுத்தாவணியிலிருந்தும், கோவை, தேனி, கொடைக்கானல் பஸ்கள் ஆரப்பாளையத்திலிருந்தும் கிளம்பும். பழைய நகரத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு ஞாயிறு மாலையில் குறைந்தது முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ரயிலில் திரும்புகிறவர்களுக்கு அந்த முக்கால் மணி நேரம் மிச்சம். ரயில் நிலையத்துக்கு எதிரே பிரேமா விலாஸில் சுடச்சுட அல்வா வாங்கி, இலையில் வைத்து அங்கேயே கொஞ்சம் சாப்பிடுங்கள். வீட்டுக்கு வாங்குவதைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள்; சூடாகவே பிளாஸ்டிக் பையில் போட்டு மூட விடாதீர்கள், காகிதத்தில் சுற்றி ஆறவிட்டு எடுத்துப் போனால் சில நாள் கெடாது.